தவமணியின் தாடையும் கொழுந்துக் கூடையும்

உங்கள் இரண்டு ஆட்காட்டி விரல்களையும் காதுக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். பல் வைத்தியராக இங்கே வந்துவிட்டீர்கள். இனிமேல் பஸ்ஸில், கல்யாண வீட்டில், கண்ணாடி முன்னால் என்று எங்கும் இதைச் செய்யத்தான் போகிறீர்கள். உங்களில் சிலருக்காவது விரலுக்கடியில் ஏதோ நழுவும், ‘டக்’ என்று கேட்கும். பயப்படாதீர்கள். எனக்கும் கேட்கிறது. நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன், ரொட்டியும் தின்கிறேன்.

பணி அனுபவம் எழுதுவதற்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு இருபத்தொன்பது. பதுளை டவுனில் துணிக்கடைக்காரர் ஒருவரின் மகள். பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவில் இருக்கும் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்கில் மூன்றரை வருடம் இருந்தேன். அடுத்த வாரம் மேற்படிப்புக்குப் போகிறேன். சாவி, பதிவுப் புத்தகம், தனக்குத் தோன்றினால் மட்டும் வேலை செய்யும் கம்பிரசர், எல்லாவற்றையும் உங்களிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைத்தாயிற்று. ஒப்படைக்கப் படிவம் இல்லாமல் கையில் மிஞ்சியது இந்த ஒரு கதை.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை தவமணி அக்கா வந்தார். நாற்பத்திரண்டு வயது. பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். உள்ளே வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ரொட்டி. தோட்டத்து ரொட்டி உங்களுக்குத் தெரியாவிட்டால் சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள்: கோதுமை மாவில் கனமாகத் தட்டிச் சுட்டது, சூட்டோடு இருந்தால் சொர்க்கம், ஆறிவிட்டால் சாணைக்கல்.

“என்னக்கா, சாப்பிடாம வந்தீங்களா?”

“இல்ல மிஸ். சொன்னா நம்ப மாட்டீங்க. கேளுங்க.”

கடித்தார். டக். மென்றார். டக், டக்.

கருவித் தட்டோடு சுவரோரம் நின்ற என் உதவியாளர் நிரஞ்சலா, “மிஸ், இங்க வரைக்கும் கேக்குது” என்றாள். அவளும் ஒரு தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவள்தான். என் வயது. எனக்கு இருப்பதைவிட அவளுக்கு வாய் ஒரு மடங்கு அதிகம்.

“இங்க என்னம்மா, லயத்துல அடுத்த வீட்டுக் காம்பரா வரைக்கும் கேக்குதாம்,” என்றார் தவமணி. “‘தவம் சாப்பிட ஒக்காந்துட்டா, மணி அஞ்சரை’ங்கிறாளுக. கடிகாரம் வாங்க வேண்டியதில்லையாம். அது கெடக்கட்டும் மிஸ். வாய பெருசா தொறந்தா சில நேரம் பூட்டுன மாதிரி நிக்கிது. அப்புறம் தானா எறங்குது. அதுதான் பயம். எனக்கு ஒரு மாசந்தான் டைம் குடுத்திருக்காங்க.”

“எதுக்கு?”

நிரஞ்சலா முந்திக்கொண்டாள். “அக்காவ கங்காணியா போட்டுப் பாக்கிறாங்க மிஸ். அந்த டிவிசன்ல பொம்பள கங்காணி இதுதான் மொதத் தடவ.”

கொழுந்தெடுக்கும் கூட்டத்தை மலையில் நிரை பிடித்து நடத்துகிறவர் கங்காணி. பழைய கங்காணி வேலையை விட்டுப் போனதும் தவமணிக்கு ஒரு மாதப் பரீட்சை வைத்தார்கள். காலையில் கூடை போட்டு மற்றவர்களோடு கொழுந்தெடுக்க வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு கூடையை இறக்கிவிட்டுக் கங்காணி வேலை. மாதக் கடைசியில் தோட்ட மேலாளரான துரை வந்து பார்ப்பார். கங்காணி கூப்பிட்டால் எதிர்ச் சரிவில் நிற்கிறவருக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கூடைக்கே திரும்ப வேண்டியதுதான்.

“கங்காணிக்கு வாய்தான் மிஸ் ஆயுதம்,” என்றார். “எனக்கு பாருங்க, ஆயுதத்துலயே ரிப்பேரு.”

நான் பூரித்துப் போனேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். படித்த பாடம் சேலை கட்டிக்கொண்டு வந்து முன்னால் நின்றால் ஒரு போதை வரும். உங்களுக்கும் வரும். உடனே பிரசங்கத்தைத் தொடங்கினேன். காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. அது இடம் நழுவி மறுபடி ஏறும்போதுதான் டக். பல்லைக் கடிக்கிற பழக்கத்தால் வரலாம், ஒரே பக்கம் மெல்வதால் வரலாம், பல் இல்லாத இடத்தால், மூட்டின் நார்கள் தளர்ந்துபோனதால், அடிபட்டதால், மூட்டு வாதத்தால் வரலாம். வலியோ பூட்டோ இல்லாமல் சத்தம் மட்டும் என்றால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இவருக்கோ பூட்டும் இருந்தது, கன்னத் தசையைத் தொட்டால் வலியும் இருந்தது.

வாயைத் திறந்து பார்த்தேன். வலது பக்கம் ஒரு கடைவாய்ப் பல் இல்லை. இடது பக்கம் வெற்றிலைக் கறை. முடிந்தது. ஒரே பக்கம் மெல்கிறார், இரவில் பல்லைக் கடிக்கிறார். கேஸ் மூடியாயிற்று. அவருடைய வேலையைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘தோட்டத் தொழிலாளி’ என்று நிரஞ்சலா எழுதியிருந்தாள். அது போதும் என்று நினைத்தேன்.

மூன்று காரியம் செய்தேன். மேல் பல் வரிசைக்கு மாட்டிக்கொள்ள மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றுக்கு அச்செடுத்துப் பதுளைக்கு அனுப்பினேன். நான்கு நாளில் வந்தது, தூங்கும்போது போடச் சொன்னேன். ரொட்டியை விட்டுவிட்டு மென்மையாகச் சாப்பிடச் சொன்னேன்.

“மென்மையான்னா என்னா மிஸ்?”

“சூப், புட்டிங், அந்த மாதிரி.”

“காலையில அஞ்சரைக்கா மிஸ், புட்டிங்?”

நிரஞ்சலா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பதற்காக வெளியே போனாள்.

மூன்றாவது காரியம்தான் மகா கெட்டிக்காரத்தனம். துரைக்கு இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதினேன்: இவர் பாரம் சுமக்கக் கூடாது, உரக்கக் கத்தக் கூடாது, ஒரு மாதம் இலேசான வேலை கொடுக்கவும். கையெழுத்து, முத்திரை. முத்திரையை இரண்டு தடவை குத்தினேன், முதல் தடவை மங்கலாக விழுந்தது என்று. தவமணி அதை வாங்கி, எட்டாக மடித்து, பர்சுக்குள் வைத்துக்கொண்டு, “நல்லதுங்க மிஸ்” என்று போனார்.

மூன்றாம் வாரம், ஒரு பிற்பகல், ஓட்டோ ஒன்று கிளினிக் வாசலில் வந்து நின்றது. தவமணி இறங்கினார். துவாயால் வாயை மூடியிருந்தார். துவாயை எடுத்தார். வாய் ஆவென்று திறந்தபடி நின்றது. கண்ணில் நீர், வாயோரம் எச்சில். மூடவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. கூட வந்த பெண், “மேல் மலையில நின்னு ‘கொழுந்து நிறுக்க வாங்க’ன்னு கூப்பிட்டாங்க மிஸ், ‘வாங்க’யில நின்னுருச்சு” என்றாள். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

இப்படி நழுவிப்போன தாடையை நான் அதுவரை பொம்மையில்தான் ஏற்றியிருந்தேன். பொம்மைக்கு எச்சில் வராது, அது நம்மைப் பார்க்கவும் பார்க்காது. பதுளைக்கு அனுப்பலாம். ஆனால் ஒன்றரை மணி நேரப் பாதை, நூறு வளைவு. நேரம் போகப் போகத் தசை இறுகும், ஏற்றுவது கடினமாகும். நானே முயன்று எலும்புக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இந்த மாதிரி நேரத்தில் மூளை பத்துத் திசையில் ஓடும். அதைப் பிடித்து இரண்டு கேள்விக்கு மேல் விடாதீர்கள். நான் கேட்டது இரண்டுதான். விழுந்தாரா, அடிபட்டதா? இல்லை என்று தலையாட்டினார். எவ்வளவு நேரம்? கூட வந்தவள் அரை மணி என்றாள். அப்படியானால் இரண்டு முறை முயல்வது, வராவிட்டால் அம்புலன்ஸ். இரண்டாவது முறை தோற்ற பிறகு மூன்றாவதுக்கு ஆசைப்படக் கூடாது என்று நிரஞ்சலாவிடம் உரக்கச் சொல்லிவைத்தேன். எனக்குக் காவலாக.

பெரிய நாற்காலி உயரம், நான் உயரமில்லை. அவரைத் தாழ்வான ஸ்டூலில், சுவரோடு தலை சாய உட்காரவைத்தோம். கட்டைவிரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டேன். “அக்கா, தோளத் தளர விடுங்க. மூச்ச மட்டும் விடுங்க. நீங்க எனக்கு ஒதவி செய்ய வேணாம்.” கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் கட்டைவிரலை வைத்துக் கீழே அழுத்தினேன். ஒன்றும் அசையவில்லை. முதல் முறை போயிற்று. பயத்தில் நான் அவசரப்பட்டிருந்தேன். அவருக்கும் என் பயம் தெரிந்து இறுக்கிக்கொண்டார். வலிக்கு மருந்து கொடுத்து, கன்னத்தில் வெந்நீர்த் துணி வைத்து, பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தேன். அந்தப் பத்து நிமிடம் சும்மா நின்றதுதான் அன்று நான் செய்த பெரிய வேலை. இரண்டாம் முறை, மெதுவாக, கீழே, பிறகு பின்னால். கைக்கடியில் ஏதோ வழுக்கி உள்ளே போனது. வாய் மூடிக்கொண்டது, என் இடது கட்டைவிரலோடு சேர்த்து.

விரலை மீட்ட பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை, “தொரைக்குத் தெரிஞ்சிருச்சா?”

“இல்லக்கா,” என்றாள் கூட வந்தவள். “பல்லு வலின்னு சொல்லச் சொல்லிட்டுத்தான் வந்தோம்.”

எனக்குக் கோபம் வந்தது. பயந்தவர்களுக்கு வரும் கோபம். “நான் குடுத்த லெட்டர துரைக்குக் குடுத்தீங்களா இல்லயா?”

தவமணி பர்சைத் திறந்தார். கடிதம் அதே எட்டு மடிப்பில் இருந்தது. தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

“மிஸ் கோவிச்சுக்கக் கூடாது. இத குடுத்தா என் பேர லேசு வேலைப் பட்டியல்ல எழுதுவாங்க. லேசு வேலையில இருக்கிறவள கங்காணியா போட மாட்டாங்க. கத்தக் கூடாதுன்னு வேற எழுதியிருக்கீங்களாமே, படிச்சுப் பாத்த பிள்ள சொல்லிச்சு. கத்தாத கங்காணிக்கு என்னா வேல?”

நான் வாயைத் திறந்தேன், மூடினேன். எனக்கும் டக் என்றது.

ஆனாலும் விடவில்லை. “சரி, தகடாவது ராத்திரில போடுறீங்களா?”

“ராத்திரில இல்ல மிஸ்.” இடுப்பிலிருந்து தகட்டுப் பெட்டியை எடுத்தார். “மலையில போடுறேன்.”

“தூங்கக்குள்ளதானே போடச் சொன்னேன்?”

“தூங்கயில நான் பல்லக் கடிக்கல மிஸ். எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன், கொறட்ட மட்டுந்தானாம். கூடையப் போடயிலதான் கடிக்கிறேன். அதான் அப்ப போட்டேன்.”

தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்று வாரம்கூட ஆகாத தகட்டில் உளியால் கொத்தியதுபோலப் பள்ளங்கள். என் சொல்லைத் தப்பாகச் செய்த நோயாளி, என் நோயறிதலைச் சரியாகச் செய்து கையில் கொடுத்திருந்தார்.

சனிக்கிழமை நானும் நிரஞ்சலாவும் மலைக்குப் போனோம். கொழுந்துக் கூடை முதுகில் தொங்கும். அதன் கயிறு தலையில் கிடக்கும். பாரம் முழுவதும் உச்சந்தலை வழியாகக் கழுத்துக்குத்தான் வருகிறது. தவமணியின் பாதி நிறைந்த கூடையை என் தலையில் மாட்டினார்கள். தலை பின்னால் போக, நான் தாடையை முன்னால் தள்ள, பற்கள் தாமாகக் கிட்டிக்கொண்டன. “பல்ல விடுங்க மிஸ்” என்றாள் நிரஞ்சலா. விட முடியவில்லை. சரிவில் நான்கு அடி ஏறி, வழுக்கி, தேயிலைச் செடி ஒன்றைக் கட்டிப்பிடித்து நின்றேன். நிரை முழுக்கச் சிரிப்பு.

“மிஸ்ஸுக்கு அரப் பேர் போடுங்க கங்காணியம்மா,” என்று கீழிருந்து ஒரு குரல். அரைப் பேர் என்றால் அரைநாள் கூலி.

“அரப் பேரா? செடிய ஒடச்சதுக்குப் பேரையே வெட்டணும்,” என்று இன்னொரு குரல்.

எல்லாப் பெண்களும்தான் கூடை போடுகிறார்கள், எல்லோருக்கும் தாடை பூட்டவில்லை. ஆகவே கூடைதான் காரணம் என்று எங்கும் முழங்கிவிடாதீர்கள். இவருடைய மூட்டு ஏற்கெனவே தளர்ந்தது. ஒரு பக்கம் பல்லும் இல்லை. அதன் மேல் காலை முழுக்கக் கூடையும் கடியும், மத்தியானம் அதே களைத்த தாடையால் மலை அதிரக் கூப்பாடும். ஒன்றின் மேல் ஒன்று. என் புத்தகத்தில் எல்லாம் இருந்தது, அந்தக் கயிறு மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு செய்த வைத்தியம் சாதாரணம். கயிற்றைத் தலையிலிருந்து இரண்டு தோளுக்கும் மாற்றிக் கட்டினோம். நிரஞ்சலாவின் தம்பியின் பழைய பள்ளிக்கூடப் பையின் பட்டிகள். கூடை நிறையும்வரை காத்திராமல் பாதியிலேயே நிலத்தில் விரித்த படங்குச் சாக்கில் கொட்டுவது. கூடை போடும் நேரமெல்லாம் தகடு, ராஜமரியாதையோடு. ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, தேநீரில் நனைத்து, இரண்டு பக்கமும் மெல்வது. மாலையில் வெந்நீர் ஒத்தடம். கொட்டாவி வந்தால் மோவாய்க்குக் கீழே கை. வெற்றிலையை விடுவது, அது தாடைக்கு மட்டுமல்ல, வாய்க்கே நல்லதல்ல என்று சொன்னேன். “கங்காணி ஆனா விட்டுர்றேன் மிஸ்” என்று பேரம் பேசினார். கடிதத்தைக் கேட்டு வாங்கி அவர் முன்னாலேயே கிழித்தேன்.

“வேற எழுதட்டுமா?”

“ஒண்ணும் எழுதாதீங்க மிஸ். நீங்க எழுதாம இருக்கிறதே பெரிய ஒதவி.”

தம்பி தங்கைகளே, முத்திரையைக் குத்துவதற்கு முன்னால், அந்தக் காகிதம் போய்ச் சேரும் மேசையில் அதற்கு என்ன பெயர் என்று நோயாளியிடம் கேளுங்கள்.

ஆனால் கூப்பாடு மிச்சமிருந்தது. மாத முடிவுக்கு ஒன்பது நாள். வாயைப் பெரிதாகத் திறந்தால் மறுபடி நழுவும். திறக்காவிட்டால் வேலை இல்லை. நான் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன்: நாக்கு நுனியை மேல் அண்ணத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுவது. மூட்டு தன் தடத்தில் ஓடும், டக் வராது. தவமணி செய்தார். வந்தது ஒரு மெல்லிய ‘ல’ ஓசை.

“அக்கா, ஆடித் திருவிழாவுக்குக் குலவ போடப்போற மாதிரி இருக்கீங்க,” என்றாள் நிரஞ்சலா.

தவமணி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைச் சுழற்றி, ஒரு குலவை போட்டார். கூரைத் தகரம் நடுங்கியது. வெளியே பல் வலியில் அழுதுகொண்டிருந்த குழந்தை நிறுத்திவிட்டது. மருந்து கொடுக்கும் அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“இன்னொரு தடவ போடுங்க,” என்று நான் ஓடிப்போய் அவருடைய காதுக்கு முன்னால் விரல்களை வைத்தேன். போட்டார். விரலுக்கடியில் மூட்டு ஏறக்குறைய அசையவே இல்லை. வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. சத்தம் மட்டும் மலையைத் தாண்டும் சத்தம். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, எதற்கென்று தெரியாமல் கைகொட்டிச் சிரித்தோம்.

பிறகு தவமணிதான் தயங்கினார். “கோயில்ல போடுறத மலையில போட்டா, பெரியாளுக பேசுவாங்களே?”

“மலையில சாமி இல்லயாக்கா?” என்றாள் நிரஞ்சலா. “காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்கு நிக்கயிலயே எல்லாருக்கும் சொல்லிருங்க. ஒரு குலவைன்னா நிர மாறணும், ரெண்டுன்னா நிறுக்க வரணும்.”

மாதக் கடைசி நாள், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் முறை எங்களுக்கு. நானே தேதியை அப்படி மாற்றிக்கொண்டேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். மூன்று மணிக்கு வேலையை முடித்துக்கொண்டு நானும் நிரஞ்சலாவும் தவமணி நின்ற இடத்துக்கு வந்தபோது மூடுபனி இறங்கியது. ஐந்து அடிக்கு அப்பால் செடி தெரியவில்லை. மலைப் பாதையில் துரையின் ஜீப் நின்றது. கொழுந்து லொறியும் காத்து நின்றது. பெண்கள் முப்பது பேர் பனிக்குள் எங்கெங்கோ. கையைக் காட்டினால் தெரியாது, குரல்தான் ஒரே வழி. தவமணி பாதையோரக் கல்லில் ஏறினார். அவர் மூச்சு இழுப்பது எனக்குத் தெரிந்தது. என் கட்டைவிரல் தானாகத் துணி தேடியது.

இரண்டு குலவை. நீளமாக, இடைவெளி விட்டு.

கொஞ்ச நேரம் பனி மட்டும். பிறகு கீழிருந்து ஒரு குலவை பதில் வந்தது. இடது சரிவிலிருந்து இன்னொன்று. மேலிருந்து நான்கைந்து ஒன்றாக. மலை முழுக்கத் தேர் கிளம்பியதுபோல ஆனது. துரை ஜீப்பிலிருந்து இறங்கிவிட்டார்.

“என்ன தவமணி, இன்னைக்குக் கோயில்ல விசேஷமா?”

“இல்லங்க தொர. கொழுந்து நிறுக்கக் கூப்பிட்டேங்க.”

பனியைக் கிழித்துக்கொண்டு கூடைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. துரை எண்ணிப் பார்த்தார். முப்பது. ஒருவரும் பிந்தவில்லை. “வழக்கமா பனின்னா அரை மணி போகுமே” என்று தன் பாட்டில் சொல்லிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். திங்கட்கிழமை பெரட்டில் தவமணியின் பெயரைக் கங்காணியாக வாசித்தார்கள். அன்றோடு கூடை இறங்கியது, வெற்றிலையும் இறங்கியது. அதன்பிறகு தாடை ஒருமுறையும் பூட்டவில்லை.

நேற்று என் கடைசிக் கிளினிக். தவமணி அக்கா வழியனுப்ப வந்தார். கையில் பொட்டலம், உள்ளே ரொட்டி, எனக்கும் நிரஞ்சலாவுக்கும் தேங்காய்ச் சம்பலோடு. மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்று சாப்பிட்டோம். அவர் கடித்தார். டக்.

நான் மெல்வதை நிறுத்தினேன். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை. பூட்டுகிறதா? இல்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், தசை வெண்ணெய் மாதிரி. சத்தம் மட்டும் அதே சத்தம். எனக்குள் இருந்த பழைய ஆசை எட்டிப் பார்த்தது.

“இதயும் நிப்பாட்டப் பார்க்கலாம் அக்கா. எனக்குப் பிறகு வாறவங்ககிட்ட எழுதி வச்சிட்டுப் போறேன்.”

“வேணாம் மிஸ்,” என்றார் தவமணி, அடுத்த துண்டைப் பிய்த்துக்கொண்டே. “இருந்துட்டுப் போகட்டும். கங்காணி வர்றான்னு முன்னாடியே தெரியணும்ல.”